கிராமத்தில் போக்கிமான் கோ: ஊர் ஏன் காலியாகத் தெரிகிறது, என்ன செய்யலாம்

கேள்வி இதுதான். சென்னையில் கல்லூரி படித்த காலமெல்லாம் போக்கிமான் கோ (ஃபோனோடு நடந்து போய்ப் போக்கிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடிக்கும் கேம்) ஆடியவர் இப்போது மன்னார்குடிப் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பியிருக்கிறார். ஆப்பைத் திறந்தால் பச்சைத் தரையும் ஒரு சாலைக் கோடும்தான் தெரிகிறது. ஸ்டாப் (திரையில் சுற்றினால் பந்து போன்ற பொருள் தரும் இடம்) ஒன்றுகூட இல்லை, ஜிம் (போக்கிமான்களை மோதவிடும் இடம்) மூன்று கிலோமீட்டர் தள்ளி. "கிராமத்தில் இருப்பவன் இதை ஆடவே முடியாதா? வேறு கேம் பார்த்துக்கொள்ளட்டுமா?" என்கிறார்.

ஆடலாம். ஆனால் இதில் இரண்டு பிரச்சினை ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. ஒன்று, வரைபடத்தில் இடங்கள் இல்லாதது. அதை நீங்களே சரிசெய்யலாம், நாளாகும், அவ்வளவுதான். இன்னொன்று, கூட ஆட ஆள் இல்லாதது. அதற்கு மருந்து கிடையாது, சமாளிக்கத்தான் முடியும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, ஊருக்கு வந்த வேகத்தில் ஆப்பை அழித்துவிடுபவர்களே அதிகம்.

முதலில் அந்த வரைபடம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். போக்கிமான் கோவுக்கு முன்பே நயன்டிக் நிறுவனம் இங்க்ரெஸ் என்ற கேமை 2012 நவம்பரில் விட்டது. அப்போது நயன்டிக் கூகுளுக்குள் ஒரு பிரிவு. அதை நடத்திய ஜான் ஹான்கி, பின்னாளில் கூகுள் எர்த் ஆக மாறிய கீஹோல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். இங்க்ரெஸில் சிலை, சுவரோவியம், பழைய கட்டடம், கோயில், நூலகம் போன்றவை போர்ட்டல்கள், அதாவது ஆட்டம் நடக்கும் புள்ளிகள். கொஞ்சம் ஏற்கெனவே இருந்த தகவல் தொகுப்புகளிலிருந்து வந்தன. பெரும்பகுதி ஆடுபவர்களே படம் எடுத்து அனுப்பியவை. அனுப்பியது குவிந்துபோய்ச் சமாளிக்க முடியாமல் 2015 செப்டம்பரில் புதிய முன்மொழிவுகளை வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். 2016 ஜூலையில் போக்கிமான் கோ வெளியானபோது, அந்தப் போர்ட்டல்களில் இருந்துதான் ஸ்டாப்பும் ஜிம்மும் எடுக்கப்பட்டன.

இப்போது நம் ஊர்க் கணக்கை இதன் பக்கத்தில் வையுங்கள். ஜியோ வந்தது 2016 செப்டம்பர். அதற்குப் பிறகுதான் கிராமத்தில் சாதாரண வீட்டுப் பையன் கையில் தாராளமாக டேட்டா புழங்கியது. அதாவது கதவு மூடி ஒரு வருடம் கழித்துத்தான் நம் ஊர்க்காரர்கள் வாசலுக்கே வந்தார்கள். இந்தியாவில் கேம் முறைப்படி வெளியானது 2016 டிசம்பரில், அதுவும் ஜியோவுடன் கைகோத்து; ரிலையன்ஸ் கடைகளே ஸ்டாப்பும் ஜிம்மும் ஆயின. அதுவும் நகரத்துக்குத்தான் லாபம். போக்கிமான் கோ ஆடுபவர்கள் புதிய இடங்களை முன்மொழியும் வசதி பரவலாகத் திறந்தது 2019 கடைசியில்; அப்போது 40ஆம் லெவலைத் தொட்டவர்களுக்கு மட்டும், பிறகு அந்த வரம்பைக் கொஞ்சம் குறைத்தார்கள். ஸ்டாப்பே இல்லாத ஊரில் இருந்துகொண்டு 40ஆம் லெவலைத் தொடுவது எப்படி? நியாயமான கேள்விதான். வெளியூரில் ஆடி லெவல் ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்புபவர்கள்தான் இதைச் செய்ய முடிந்தது. உங்களைப் போன்றவர்கள்.

ஆக, உங்கள் ஊர் காலியாக இருப்பதற்குக் காரணம் அங்கே ஒன்றுமில்லை என்பதல்ல. 2012க்கும் 2015க்கும் நடுவில் அந்தப் பக்கம் ஸ்மார்ட்போனோடு யாரும் நடக்கவில்லை, அதுதான் காரணம். நகரத்துக்குள்ளேயே இந்த ஓரவஞ்சனை உண்டு. அமெரிக்காவின் அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் 2016இல் வாஷிங்டன் நகரத்தை எடுத்துப் பார்த்தது. வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் சராசரியாக 55 போர்ட்டல், கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள பகுதிகளில் 19. இங்க்ரெஸ் ஆடியவர்கள் எங்கே வாழ்ந்தார்களோ, வேலைக்குப் போனார்களோ, அங்கே புள்ளி விழுந்திருக்கிறது.

நம் பக்கம் இந்தக் கோடு வேறு மாதிரியும் விழுகிறது. மெரினா கடற்கரைச் சாலையில் உழைப்பாளர் சிலை தொடங்கி, 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த அவ்வையார், கம்பர், ஜி.யு. போப் சிலைகள் என்று வரிசை கட்டி நிற்கின்றன. இந்தக் கேமுக்கென்றே செய்து வைத்தது போல. கும்பகோணம் மாதிரி தடுக்கி விழுந்தால் கோயில் என்ற ஊர்க்காரர்களுக்கும் பெரிய குறை இருக்காது. கோபுரம், குளம், தேர்நிலை என்று ஒரே கோயிலிலேயே நாலைந்து தேறும். திண்டாடுவது உங்களைப் போல வயலுக்கு நடுவே இருக்கும் சிற்றூர்க்காரர்களும், புறநகரில் நேற்று முளைத்த மனைப்பிரிவில் குடியேறியவர்களும். அந்த மனைப்பிரிவில் முன்மொழிய உண்மையிலேயே ஒன்றும் இருக்காது. உங்கள் ஊரில் இருக்கும்.

என்ன இருக்கும்? அய்யனார் கோயில், பிள்ளையார் கோயில், குளத்துப் படித்துறை மண்டபம், ஊர்ப்புற நூலகம், விளையாட்டுத் திடல், கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கர் சிலை, காமராஜர் சிலை. சாலையோரம் சுமைதாங்கிக் கல் இருந்தால் விடாதீர்கள். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக நட்ட கல் என்று விளக்கத்தில் எழுதினால் பார்ப்பவர் யாராக இருந்தாலும் நின்று படிப்பார். தேறாதவையும் உண்டு: பள்ளிக்கூடம், அங்கன்வாடி, தனியார் வீடு, அவசர ஊர்தி போகும் வழியை மறிக்கும் இடம். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, சாதாரண பஸ் நிழற்குடை போன்றவையும் அப்படியே அனுப்பினால் நிற்காது. அதில் நல்ல சுவரோவியம் இருந்தால் அந்த ஓவியத்தை முன்னிறுத்தலாம்.

முன்மொழிவை எப்படி எழுதுவது என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். வேஃபேரர் என்ற தளத்தில் மற்ற ஆட்டக்காரர்கள்தான் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள். உங்கள் அய்யனாரைப் பார்ப்பவர் கோவைக்காரராகவும் இருக்கலாம், தமிழே தெரியாதவராகவும் இருக்கலாம். "அய்யனார் கோயில்" என்று தலைப்புப் போட்டு, மரத்தடியில் நிழலாக ஒரு படம் அனுப்பினால் அவருக்கு என்ன புரியும்? மரமும் கல்லும் தெரியும், "இயற்கைப் பொருள், தகுதியில்லை" என்று தள்ளிவிடுவார். அதையே "மேலத்தெரு அய்யனார் கோயில் சுடுமண் குதிரைகள்" என்று தலைப்பிடுங்கள். குதிரை முழுதாகத் தெரியும்படி, வெயில் முகத்தில் விழும் நேரத்தில் எடுங்கள். படத்தில் ஆள் முகமோ வண்டி நம்பரோ வேண்டாம். எந்தத் தெய்வம், எதற்காகக் குதிரை நேர்ந்து வைக்கிறார்கள், திருவிழா எப்போது என்று இரண்டு மூன்று வரி, தமிழிலும் ஆங்கிலத்திலும். இரண்டாவது படம் கேட்பார்கள். அதைத் தள்ளி நின்று எடுத்து, நடந்து போகும் பாதை தெரியும்படி அனுப்புங்கள். பாதுகாப்பாக நடந்து போக வழியில்லை என்று நினைத்துத்தான் வயல்வெளிக் கோயில்களுக்கு நிறைய 'இல்லை' விழுகிறது. செயற்கைக்கோள் படத்தில் தென்னந்தோப்பு மூடியிருந்தால் புள்ளியைச் சரியாக வைத்துவிட்டு, துணைக் குறிப்பில் அதையும் சொல்லிவிடுங்கள். இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்துப் போட்டால் கதை அத்தோடு முடிந்தது.

கருவறையைப் படம் எடுக்காதீர்கள். கேமுக்கு அது தேவையும் இல்லை, பூசாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் வேண்டாம். இன்னொன்றும் சொல்கிறேன்: முதல் முன்மொழிவுக்கு ஊர்ப் பொதுவான இடமாகப் பாருங்கள். எல்லாத் தெருப் பிள்ளைகளும் தயங்காமல் வந்து நிற்கக்கூடிய இடம் எது என்று ஊரில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நூலகமும் விளையாட்டுத் திடலும் அந்த வகையில் கோயிலைவிட உத்தமம்.

(கோயிலில் ஸ்டாப் வைப்பது பற்றி ஒரு பழைய வேடிக்கை. 2016 செப்டம்பரில் குஜராத் உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு: இந்தக் கேமில் வழிபாட்டுத் தலங்களில் முட்டை கிடைக்கிறது, அது மனதைப் புண்படுத்துகிறது என்று. நீதிமன்றம் நோட்டீஸும் அனுப்பியது. படத்தில் இருக்கும் முட்டைக்குத்தான் இவ்வளவும்.)

அனுப்பியது எல்லாம் வரைபடத்தில் வந்துவிடாது. அதற்குக் காரணம் எஸ்2 செல் எனும் கட்டங்கள். பூமியைச் சதுரம் சதுரமாகப் பிரித்து வைத்திருக்கும் கூகுளின் கணக்கு அது. அதில் 17ஆம் நிலைக் கட்டம் ஏறத்தாழ 70 மீட்டர் பக்கமுள்ளது. அந்தக் கட்டத்துக்குள் எத்தனை இடம் ஏற்கப்பட்டாலும் போக்கிமான் கோவில் பெரும்பாலும் ஒன்றுதான் தெரியும். கிராமத்தில் முக்கியமானது எல்லாம் கோயிலைச் சுற்றியே இருக்கும், இல்லையா? நந்தி, கொடிமரம், மண்டபம் மூன்றையும் அனுப்பினால் இரண்டு வீண். பதிலுக்கு, கோயிலில் ஒன்று, தெருமுனைச் சிலை ஒன்று, திடல் ஒன்று என்று பரப்பி அனுப்புங்கள். அடுத்து 14ஆம் நிலைக் கட்டம், அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் பக்கமுள்ளது. ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த கணக்குப்படி அதற்குள் இரண்டு இடம் சேர்ந்தால் ஒன்று ஜிம் ஆகும், ஆறு சேர்ந்தால் இரண்டு ஜிம். உங்கள் ஊர் ஒரே கட்டத்துக்குள் அடங்கினால், இரண்டே இரண்டு ஏற்பு போதும், மூன்று கிலோமீட்டர் ஓட வேண்டாம். கட்டங்களைக் காட்டும் வரைபடங்கள் தேடினால் கிடைக்கும். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், வேஃபேரரில் நீங்களும் உட்கார்ந்து பிறர் அனுப்பியதற்கு ஓட்டுப் போட்டுவந்தால், உங்கள் முன்மொழிவை வரிசையில் முன்னே தள்ளும் அப்கிரேடு கிடைக்கும். பொறுமை உள்ளவர்களுக்கு இதுவே குறுக்குவழி.

ஸ்டாப் வந்துவிட்டால் பந்து கிடைக்கும். பிடிக்கப் போக்கிமான்? ஆட்கள் ஃபோன் பயன்படுத்தும் இடத்தில்தான் அதிகம் தோன்றுகின்றன என்பது ஆட்டக்காரர்கள் நெடுநாளாகப் போட்டுவைத்திருக்கும் கணக்கு. 2017 டிசம்பரில் கேமின் அடிப்படை வரைபடம் கூகுளிலிருந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு மாறியது. உடனே உலகம் முழுக்கச் சிலர் வீட்டுக் கொல்லையில் பூங்கா வரைந்தார்கள், வயலில் நடைபாதை போட்டார்கள். அந்த வரைபடத்தைச் சம்பளம் இல்லாமல் கட்டிக்காக்கும் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார்கள். தயவுசெய்து அந்த வேலை வேண்டாம். உங்கள் ஊரில் உண்மையாகவே உள்ள தெரு, குளம், திடல், கோயில் அதில் இல்லையென்றால் தாராளமாகச் சேருங்கள். நாளைக்கு ஆம்புலன்ஸ்காரருக்கும் அது உதவும். போக்கிமான் அதிகம் வரும் என்று எதிர்பார்த்துச் சேர்க்காதீர்கள். கேம் எப்போது புதிய தகவலை எடுத்துக்கொள்ளும் என்பது நம் கையில் இல்லை.

அதுவரைக்கும் ஓட்ட வழி: 2018 ஜூன் முதல் நண்பர்கள் கிஃப்ட் அனுப்பலாம். சென்னை நண்பர்கள் தினம் அனுப்பட்டும். திறக்க ஸ்டாப் தேவையில்லை, பந்தும் மருந்தும் அதில் வரும். 2022 முதல் போக்கிமான்களை வரவழைக்கும் தினசரி இன்சென்ஸ் ஒன்று இலவசம், 15 நிமிடம். நின்ற இடத்தில் இருக்காமல் நடந்தால்தான் பலன். அட்வென்ச்சர் சிங்கை மறக்காமல் ஆன் செய்துவையுங்கள். ஆப் மூடியிருந்தாலும் நடந்த தூரத்தை எண்ணி முட்டை பொரிக்கும், வாரக் கடைசியில் பரிசும் தரும். வயலுக்கும் கடைத்தெருவுக்கும் நடப்பவருக்கு இந்த ஒரு விஷயத்தில் மெட்ரோவில் போகிறவரைவிடக் கை ஓங்கியே இருக்கும்.

ஜிம் விஷயம் தலைகீழ். ஊர் ஜிம்மில் ஒரு போக்கிமானை விட்டுவிட்டு வந்தால் அது வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கேமுக்குள் பொருள் வாங்க உதவும் காயின் கணக்கு அப்படி இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு காயின், ஒரு நாளைக்கு உச்சம் 50, அதுவும் யாராவது அடித்துத் திருப்பி அனுப்பினால்தான் கையில் வரும். இரண்டு மாதம் காவல் காத்த போக்கிமானும் திரும்பி வரும் நாளில் அதே 50தான் கொண்டுவரும். சென்னையில் நிலைமை வேறு: பத்தே நிமிடத்தில் அடித்துத் துரத்திவிடுவார்கள், ஒரு காயினோடு வருவீர்கள். கிராமத்தில் இதற்கு ஒரே வழி, வேறு டீமில் ஒரு ஆள். மாமன் மகனோ பக்கத்து ஊர் நண்பனோ, அவனையும் ஆட வைத்து, நாள் விட்டு நாள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளுங்கள். நீங்களே இரண்டு அக்கவுன்ட் வைத்து ஆடுவது விதிமீறல், அதைச் சொல்லவில்லை. தங்க ஜிம் பேட்ஜ் வேண்டுமென்றால் கிராமம்தான் சரி. அசையாமல் கிடக்கும் நேரமெல்லாம் புள்ளியாகச் சேர்ந்து மூன்று வாரம் போல ஆனால் தங்கம் வந்துவிடும்.

இனி ஆள் பிரச்சினை. ரெய்டு என்பது ஜிம்மில் வரும் பலமான போக்கிமானைப் பலர் சேர்ந்து அடிப்பது. ஐந்து நட்சத்திர ரெய்டைத் தனியாக முடிக்கப் பெரும்பாலும் முடியாது, ஒன்றோ மூன்றோ நட்சத்திரம் என்றால் பார்க்கலாம். 2017 ஜூனில் ரெய்டு வந்தபோதே கிராமத்து ஆட்டக்காரர்களுக்குக் கேமின் பாதி மூடிவிட்டது என்பது என் எண்ணம். கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரலில், ரிமோட் ரெய்டு பாஸ் வந்து அந்தக் கதவைத் திறந்தது. சென்னைக்காரர் கூப்பிட்டால் மன்னார்குடியிலிருந்தே சேர்ந்துகொள்ளலாம். 2023 ஏப்ரலில் அதன் விலையை 100 காயினிலிருந்து 195 ஆக்கினார்கள், ஒரு நாளைக்கு ஐந்து என்று வரம்பும் போட்டார்கள். மக்களை வெளியே வரவைப்பதுதான் கேமின் நோக்கம் என்பது அவர்கள் சொன்ன நியாயம். வெளியே வந்தால் யார் இருக்கிறார்கள் என்பதை யோசிக்கவில்லை. தினம் 50 காயின் தவறாமல் வந்தாலே ஒரு பாஸுக்கு நாலு நாள். ஊர் ஜிம்மில் அந்த 50 எப்படி வரும் என்பதை மேலே பார்த்தோம். காசு போட்டு வாங்குவதானால் பிடித்த லெஜண்டரி (அரிய வகைப் போக்கிமான்) வரும்போது மட்டும் வாங்குங்கள், வாரா வாரம் வேண்டாம். கம்யூனிட்டி டே மாதிரி கேமின் சிறப்பு நாட்களில் பஸ் ஏறி மன்னார்குடிக்கோ தஞ்சாவூருக்கோ போய் ஒரே மூச்சில் ஆடிவிட்டு வருவது இதைவிட மலிவு. போகிற வழியில் பஸ் நிற்கும் இடமெல்லாம் ஸ்டாப் சுற்றலாம். பைக் ஓட்டிக்கொண்டு மட்டும் வேண்டாம்.

இருக்கும் இடத்தைப் பொய்யாகக் காட்டும் ஸ்பூஃபிங் ஆசை வரும், கிராமத்தில் கூடுதலாக வரும். அக்கவுன்ட் போய்விடும் என்பது ஒரு புறம். நடக்கவே நடக்காமல் ஆட, வீட்டில் உட்கார்ந்து ஆட ஆயிரம் நல்ல கேம் இருக்கிறதே.

வயல் வரப்பில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றால், "என்ன தம்பி, நிலம் அளக்க வந்தீங்களா? பைபாஸ் இந்தப் பக்கம்தான் வருதா?" என்று யாராவது கேட்பார்கள். சிரித்துவிட்டுத் திரையைக் காட்டிவிடுங்கள்; மழுப்பினால்தான் சந்தேகம். இருட்டிய பிறகு வரப்பில் இறங்க வேண்டாம், பாம்பு பச்சைத் தரைக்கு உள்ளே தெரியாது.

கிராமம் இந்தக் கேமுக்கே ஒத்துவராது என்பதும் இல்லை. ஜப்பானில் மக்கள்தொகை மிகக் குறைந்த மாநிலம் டொட்டோரி. அங்கே பெரிய மணல்மேடு ஒன்று உண்டு. 2016இல் வேறு பல இடங்கள் ஆட்டக்காரர்களைத் துரத்திக்கொண்டிருந்தபோது, அந்த மாநில ஆளுநர் மணல்மேட்டை ஃபோன் கேம் ஆடுபவர்களுக்குத் திறந்த இடம் என்று அறிவித்தார். 2017 நவம்பரில் அங்கேயே பெரிய நிகழ்ச்சி வைத்தார்கள், கூட்டம் அலைமோதியது. அதே ஆண்டு ஜூலையில் சிகாகோ நகரத்தின் கிராண்ட் பார்க்கில் நடந்த கோ ஃபெஸ்டில் கூட்டத்தின் பாரம் தாங்காமல் நெட்வொர்க் படுத்துவிட்டது, டிக்கெட் காசைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

கடைசியாக, வேறு கேம். தனியாக ஆட ஓர்னா பாருங்கள். எதிரிகள் நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றியே வரும், சிலையும் கோயிலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை; உங்கள் கட்டடங்களை உங்கள் ஊரிலேயே நீங்கள் எழுப்பிக்கொள்ளலாம். ஜப்பானில் 2019இல் வந்த டிராகன் குவெஸ்ட் வாக்கில், கதைக்காகப் போக வேண்டிய இடத்தை ஆடுபவரே வரைபடத்தில் குறித்துக்கொள்கிறார். போக்கிமான் கோ இந்த யோசனையை எடுத்துக்கொண்டிருந்தால் பாதிப் புலம்பல் குறைந்திருக்கும். ஒருவர் ஒளித்து வைத்த பெட்டியை இன்னொருவர் தேடிப் பிடிக்கும் ஜியோகேச்சிங் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, பெட்டிகளுக்கு நடுவே 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்ற ஒன்றைத் தவிர இட நெருக்கடி கிடையாது. ஆனால் நீங்கள் ஒளித்து வைத்ததைத் தேடி உங்கள் ஊருக்கு ஒருவர் வர வேண்டுமே.

நான் சொல்வது இங்க்ரெஸ். அங்கே கிராமத்துப் போர்ட்டலுக்குத் தனி மதிப்பு. போர்ட்டலுக்குப் போர்ட்டல் கோடு இழுத்து, மூன்று கோட்டால் ஒரு முக்கோணம் அடைப்பதுதான் ஆட்டம். ஒரு கோடு இன்னொன்றைக் குறுக்கே வெட்ட முடியாது. எட்டாம் நிலைப் போர்ட்டலிலிருந்து 655 கிலோமீட்டர் வரை கோடு போகும், சென்னையிலிருந்து கன்னியாகுமரியை எட்டிவிடும். அந்த நிலைக்கு எட்டு வேறு வேறு ஆட்கள் வேண்டும், அது நகரத்தில்தான் நடக்கும். ஆனால் அப்படி ஒரு நீளக் கோடு உங்கள் மன்னார்குடிப் பக்கமாகப் போவதானால், அந்த வழியில் யாரும் எட்டிப் பார்க்காத இரண்டு போர்ட்டலுக்கு நடுவே நீங்கள் ஒரு சின்னக் கோடு போட்டு வைத்திருந்தால் போதும், அவர்கள் திட்டம் அங்கேயே நிற்கும். யாராவது கார் எடுத்துக்கொண்டு உங்கள் ஊருக்கே வர வேண்டியிருக்கும். போர்ட்டல்களுக்கு நடுவே 20 மீட்டர் இருந்தாலே இங்க்ரெஸ் ஏற்கும் என்பதால், போக்கிமான் கோவில் கட்டத்துக்குள் சிக்கி மறைந்துபோன நந்தியும் மண்டபமும் இங்கே தனித்தனியாகத் தெரியும். வேஃபேரரில் ஒரு முறை அனுப்பினால் இரண்டு கேமுக்கும் ஆயிற்று.